சைலன்சர் பொருத்திய ரிவால்வர்: ஒரு தமிழ் க்ரைம் வாக்கியத்தின் இயற்பியல்

தமிழில் மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு காட்சி மனப்பாடம். நள்ளிரவு. அடுக்குமாடி வீடு. கறுப்பு கையுறை போட்ட ஒருவன் கோட்டுக்குள்ளிருந்து ரிவால்வரை எடுக்கிறான். நிதானமாக சைலன்சரைத் திருகுகிறான். ‘ப்ளக்’ என்று ஒரு சின்ன சத்தம். படுத்திருந்தவர் அப்படியே அடங்கிவிடுகிறார். பக்கத்து அறையில் மனைவி தூங்குகிறாள், வாசலில் கூர்க்கா தூங்குகிறான், தெருநாய்கூட தலையைத் தூக்கவில்லை. காலையில் பால்காரர் வந்துதான் விஷயம் தெரிகிறது.

இதை எந்த ஒரு எழுத்தாளரின் எந்த நாவலிலிருந்தும் எடுக்கவில்லை. எடுக்கவும் தேவையில்லை. இது யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து ஆகி ரொம்ப நாளாச்சு. இந்தக் குறிப்பில் நான் விமர்சிக்கப்போவது ஒரு நூலை அல்ல, இந்த ஒரு காட்சியை. குறிப்பாக ‘சைலன்சர் பொருத்திய ரிவால்வர்’ என்ற நாலு சொல்லுக்கும் குறைவான அந்தத் தொடரை.

"கதையில போய் லாஜிக் பாக்குறீங்களே சார்" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. நான் தப்புக் கண்டுபிடித்து மார்க் குறைக்க வரவில்லை. அந்தத் தொடர் நம் துப்பறியும் கதைகளிடமிருந்து ஒரு முக்கியமான பொருளைத் திருடிவிட்டது என்பது என் வாதம். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் இயற்பியல்.

சத்தம் ஒன்றல்ல, நான்கு

துப்பாக்கிச் சத்தம் என்று நாம் ஒன்றாகச் சொல்வதில் நாலு தனித்தனி சத்தங்கள் இருக்கின்றன.

ஒன்று, குழல் வாயில் வெடிக்கும் சத்தம். தோட்டாவுக்குப் பின்னால் எரிந்த மருந்தின் வாயு, பெரும் அழுத்தத்தோடு வெளியே வந்து காற்றை மோதுகிறது. இரண்டு, தோட்டா ஒலியைவிட வேகமாகப் போனால் வழி நெடுக அது எழுப்பும் சாட்டையடி போன்ற ‘சடார்’. மூன்று, துப்பாக்கியின் இரும்பு பாகங்கள் முன்னும் பின்னும் போய் இடிக்கிற சத்தம். நாலு, தோட்டா போய்ப் படுகிற இடத்துச் சத்தம்.

சைலன்சர் கைவைப்பது முதலாவதில் மட்டும்தான். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அனல்மின் நிலையத்தில் பாய்லர் அழுத்தம் ஏறி சேஃப்டி வால்வு தூக்கினால் டவுன்ஷிப் வரைக்கும் கேட்கும் அந்த இரைச்சலை இங்கே வளர்ந்த யாரும் மறக்க முடியாது. அந்த நீராவிக் குழாய்களின் முனையிலும் சைலன்சர் வைப்பது உண்டு. வேலை ஒன்றுதான்: வாயுவை ஒரே அடியாக வெளியே விடாமல், அறை அறையாக விரியவிட்டு, அழுத்தத்தையும் சூட்டையும் குறைத்து, மெதுவாக வெளியே அனுப்புவது. பைக்கில் இருப்பதும் அதேதான்.

இதில் ஒரு சுவாரசியம். துப்பாக்கிக்கு சைலன்சரை முதலில் வெற்றிகரமாக விற்றவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம், 1909இல் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன். அப்பா வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கிச் சத்தத்தில் இருந்து கடைசியில் காது கேட்காமல் போனவர். மகன் சத்தத்தைக் குறைக்கும் கருவி செய்தார், மோட்டார் வாகன எஞ்சின்களுக்கும் அதே தத்துவத்தைக் கொண்டுபோனார். நம் ஊரில் ‘சைலன்சர்’ என்றாலும் ‘புல்லட்’ என்றாலும் முதலில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள்தான். 1955இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய அந்த வண்டியின் பெயரிலேயே என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையின் வாடை இருக்கிறது. அதன் பழைய விளம்பர வாசகமே துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது என்பதுதான். ஆக, ‘புல்லட்’ என்ற சொல் துப்பாக்கிக் கடையிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

ரிவால்வரில் ஓட்டை இருக்கிறது

இப்போது நம் தொடருக்கு வருவோம். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். உருளை சுழல வேண்டுமென்றால் அதற்கும் குழலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தே ஆகவேண்டும். சுடும்போது அந்த இடைவெளி வழியாக வாயு பக்கவாட்டில் பீறிடும். குழல் முனையில் நீங்கள் எவ்வளவு நல்ல சைலன்சரைத் திருகினாலும் இந்தக் கசிவுச் சத்தம் அப்படியே இருக்கும். விசில் அடித்து இறங்கும் குக்கரின் வெயிட்டைத் துணியால் பொத்திவிட்டு, தேய்ந்த கேஸ்கெட் வழியே வரும் ஆவியை மறந்துவிட்டது மாதிரி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ரஷ்ய ராணுவம் வைத்திருந்த 1895ஆம் ஆண்டு மாடல் நாகான் ரிவால்வர். சுத்தியலை இழுக்கும்போது உருளையே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் நீளமான பித்தளை உறை அந்த இடைவெளியை அடைத்துவிடும். அதற்கு சைலன்சர் செய்தார்கள், வேலையும் செய்தது. நம் மாத நாவல் வில்லன் கையில் நாகான் இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. இருந்திருந்தால் அதுவே ஒரு நல்ல துப்பு ஆகியிருக்கும்: இந்த ஊரில் யாரிடம் ரஷ்யத் துப்பாக்கி இருக்க முடியும்? முதல் அனல்மின் நிலையமே சோவியத் உதவியோடு எழுந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை யோசித்தால் ஒரு கதையே கிடைக்கும் போலிருக்கிறது.

கனம் கூட, வேகம் குறைய

சரி, ரிவால்வரை விடுங்க. பிஸ்டல் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் தோட்டா.

ராணுவம், போலீஸ் எல்லாம் பயன்படுத்தும் சாதாரண 9 மி.மீ. தோட்டாவின் எடை சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்கு 360 மீட்டர் அளவில். ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் 343 மீட்டர். அதாவது தோட்டா ஒலியை முந்துகிறது. சைலன்சர் குழல் வாயை அமுக்கினாலும், தோட்டா பறக்கும் பாதை முழுக்க ‘சடார்’ கேட்கும். அதை எந்தக் கருவியாலும் அமுக்க முடியாது, ஏனென்றால் அது துப்பாக்கியிலிருந்தே வரவில்லை.

எனவே தோட்டாவை மெதுவாக்க வேண்டும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகத்தைக் குறைத்தால் வலு சரசரவென்று இறங்கிவிடும். இழந்ததைக் கொஞ்சமாவது ஈடுகட்ட எடையைக் கூட்டுகிறார்கள். அதனால்தான் ‘சப்சானிக்’ தோட்டாக்கள் எல்லாம் கனமானவை. 9 மி.மீ.யில் அது சுமார் 9.5 கிராம், வேகம் 300. பழைய அமெரிக்க .45 தோட்டா சுமார் 15 கிராம், வேகம் 255; அது பிறவியிலேயே ஒலியைவிட மெதுவானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் செய்த டி லைல் கார்பைன் இந்த .45 தோட்டாவைத்தான் எடுத்துக்கொண்டது. லீ என்ஃபீல்டு ரைஃபிளின் உடம்பு, பெரிய சைலன்சர், கையால் இழுக்கும் போல்ட். தானாக இயங்கும் பாகம் இல்லாததால் நான் சொன்ன மூன்றாவது சத்தமும் இல்லை. அமைதியான துப்பாக்கி என்று சொன்னால் அது நியாயம்.

ரைஃபிளில் இந்த இழப்பு இன்னும் பெரிசு. 7.62 மி.மீ. ராணுவத் தோட்டா சுமார் 9.5 கிராம், வேகம் 840. ஆற்றல் கணக்குப் போட்டால் 3350 ஜூல். அதே விட்டத்தில் 14.3 கிராம் சப்சானிக் தோட்டா 310 மீட்டர் வேகத்தில் போனால் 690 ஜூல்கூட வராது. எடை ஒன்றரை மடங்கு கூடியும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு. கீழே இறங்குவதையும் பாருங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே, 100 மீட்டர் போவதற்குள் முன்னது 7 செ.மீ. இறங்கும், பின்னது அரை மீட்டருக்கு மேல். தண்ணீர் தொட்டி மேல் படுத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் தள்ளி மேடையில் நிற்கும் அமைச்சரைச் சத்தமில்லாமல் சுடும் வில்லன்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

வெளிநாடுகளில் இது ஒரு பொழுதுபோக்கு. உரிமம் உள்ள வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் வீட்டிலேயே தராசும் வேகமானியும் வைத்துக்கொண்டு தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். பின்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் வேட்டையில் சைலன்சர் சாதாரணம். காரணம் ரகசியம் அல்ல, காது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே நம் ஊர்க் கதையில் சப்சானிக் தோட்டா வருகிறது என்றால் அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், யாரோ கொடுத்திருக்க வேண்டும், ஒருவர் தேடினால் கிடைக்கும் தடம் ஒன்று இருக்க வேண்டும். கதாசிரியருக்கு இது தொந்தரவா, வரமா?

நெய்வேலி வெயிலும் கொடைக்கானல் குளிரும்

ஒலியின் வேகம் நிலையானது அல்ல. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். மே மாதம் நெய்வேலியில் 40 டிகிரி அடிக்கும்போது அது சுமார் 355. டிசம்பர் இரவு கொடைக்கானலில் 10 டிகிரி என்றால் சுமார் 337. நடுவில் 18 மீட்டர் வித்தியாசம். 345 மீட்டர் வேகத்தில் போகும் ஒரு தோட்டா நெய்வேலியில் ஊமை, கொடைக்கானலில் ஊரைக் கூட்டும். (குளிரில் மருந்தும் கொஞ்சம் சோம்பிப்போய் தோட்டா மெதுவாகும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எல்லைக்கு ரொம்பக் கீழே, 310 வாக்கில் நிறுத்திக்கொள்கிறார்கள்.)

கோடையில் சமவெளியில் ஒத்திகை பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் மலையில் போய் மாட்டிக்கொள்ளும் கொலைகாரன். இந்த ஒரு சூத்திரத்தில் ஒரு மாத நாவலுக்கான முடிச்சு இருக்கிறது. இதை யாரும் அவிழ்க்கவில்லை, ஏனென்றால் ‘ப்ளக்’ எல்லா முடிச்சையும் முன்கூட்டியே அறுத்துவிட்டது.

எவ்வளவுதான் குறையும்?

எல்லாம் சரியாக அமைந்தாலும் எவ்வளவு அமைதி? பிஸ்டல் சத்தம் குழல் வாயருகே ஏறத்தாழ 160 டெசிபல். நல்ல சைலன்சர் 25 முதல் 35 டெசிபல் குறைக்கும். 30 என்று வைத்தால் ஒலி அழுத்தம் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது. பெரிய சாதனைதான். ஆனால் மிச்சம் 130.

சிவகாசிக் கணக்கில் சொன்னால் புரியும். நம் நாட்டில் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது விதி. அளக்கும் தூரமும் முறையும் வேறு என்பதால் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் ஒரு மனக்கணக்குக்கு: சைலன்சர் போட்ட பிஸ்டல் என்பது ஊசி விழும் சத்தம் அல்ல, பட்டாசு வகையறா. மூடிய அறைக்குள், மொசைக் தரையும் சிமெண்டுச் சுவரும் எதிரொலிக்க, பக்கத்து அறை மனைவி எழுந்து உட்காராமல் இருக்க முடியாது. அவள் தூக்கக் கலக்கத்தில் "என்னங்க, கதவு அறைஞ்சுதா?" என்று கேட்கக்கூடும். துப்பாக்கி என்று தெரியாமல் போகலாம். எதுவுமே கேட்காமல் போகாது.

அந்த ‘ப்ளக்’ எங்கிருந்து வந்தது? சினிமாவின் ஒலிக்கூடத்திலிருந்து. 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி சைலன்சர் போட்ட கைத்துப்பாக்கியால் பேராசிரியர் டென்டைச் சுடுவார். அதற்குப் பிறகு வந்த ஒற்றர் படங்கள் எல்லாம் அந்த மென்மையான சத்தத்தை நிலைநிறுத்திவிட்டன. நம் எழுத்தாளர்கள் துப்பாக்கியைக் கேட்டு எழுதவில்லை, படத்தைக் கேட்டு எழுதினார்கள். அதை ஒரு குற்றமாகச் சொல்ல மாட்டேன். மாதா மாதம் ஒரு நாவல், சில சமயம் இரண்டு மூன்று என்று கெடு வைத்து எழுதியவர்கள் அவர்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய அந்த மலிவு விலைப் புத்தகங்கள்தான் டவுன்ஷிப் வீடுகளில் என்னைப் போன்ற பலருக்கு முதல் வாசிப்பு. ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் இல்லாவிட்டால் இந்தத் தலைமுறையில் பாதிப்பேர் பாடப்புத்தகத்தோடு நின்றிருப்பார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ராமாவரம், 1967

தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான துப்பாக்கிச் சூட்டில் சைலன்சர் இல்லை. 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்ட வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். ராதாவும் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட வந்திருந்தவர் இருவரும் சேர்ந்து நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தின் தயாரிப்பாளர் வாசு. குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. இருவரும் பிழைத்தார்கள். ராதாவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவ்வளவு கிட்டத்தில் சுட்டும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், தோட்டாக்கள் பல ஆண்டுகள் பழையவை, மருந்தின் வீரியம் குறைந்திருந்தது என்பது. அந்த விளக்கம் சரியென்றால், திட்டமிடாமலே வேகம் குறைந்துபோன தோட்டாக்கள் அவை. ஒரு தோட்டாவின் வயது ஒரு மாநிலத்தின் வரலாற்றைத் தொட்டிருக்கிறது. எந்த மாத நாவலிலும் இப்படி ஒரு விவரம் கதையின் அச்சாக நின்று நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. அந்தக் குண்டு அமுக்கியது துப்பாக்கிச் சத்தத்தை அல்ல, எம்.ஜி.ஆரின் குரலை. அதே ஆண்டு வந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம். கழுத்தில் கட்டோடு இருந்த அவர் படம் தேர்தல் சுவரொட்டி ஆனது, பிப்ரவரியில் பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதன் பிறகு இருபது வருஷம் அவர் வாய் திறந்தபோதெல்லாம் தமிழ்நாடு அந்த ஒரு வெடியின் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் வெறுக்கவில்லை, இன்னும் நெருங்கினார்கள்.

திருடு போனது என்ன?

இப்போது ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். துப்பாக்கிச் சத்தம் என்பது கதையில் வெறும் ஒலி இல்லை. அது ஒரு அழைப்பு. யார் கேட்டது, கேட்டவர் என்ன செய்தார், ஏன் செய்யவில்லை, போலீஸ் கேட்டபோது என்ன சொன்னார் என்ற கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். கேட்டும் கதவைத் திறக்காத பக்கத்து வீட்டுக்காரர். "பட்டாசுன்னு நெனைச்சேன்" என்று சாதிக்கும் வாட்ச்மேன். கேட்டதைச் சொன்னால் தன் மகனுக்கு ஆபத்து என்று வாயை மூடிக்கொள்ளும் வேலைக்காரம்மா. துப்பறியும் கதை என்பதே இந்த மனிதர்களைப் பற்றியதுதானே. ‘ப்ளக்’ என்று எழுதிய நொடியில் இவர்கள் எல்லோரும் கதையை விட்டு வெளியேற்றப்படுகிறார்கள். மிஞ்சுவது ஒரு கைரேகை, ஒரு கர்ச்சீப், ஒரு சிகரெட் துண்டு.

எங்கள் ஊரில் சுரங்கத்தில் மேல்மண்ணின் கடினப் பாறையை உடைக்க வெடி வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும், பாத்திரம் அதிரும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு ஊரில் ஒரு துப்பாக்கி வெடித்தால்? சைலன்சரே வேண்டாம். வெடி வைக்கும் நேரம் தெரிந்தால் போதும். ஊரே கேட்கும், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொலைகாரன் மறைந்துகொள்வது ஒரு இரும்புக் குழாய்க்குள் அல்ல, நம்முடைய பழக்கத்துக்குள். அந்தக் கதையைத் துப்பறிய வருபவர், சத்தத்தைக் கேட்டும் கவனிக்காத ஆயிரம் பேரைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். அதில் நானும் இருப்பேன், நீங்களும் இருப்பீர்கள்.

தமிழில் சத்தமில்லாத ஆயுதங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தினைப்புனம் காத்தவர்கள் கையில் இருந்த கவண், பையன்கள் கையில் இருந்த உண்டிவில், மருது சகோதரர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வளரி. மூன்றுமே துப்பாக்கித் தோட்டாவோடு பார்த்தால் மெதுவானவை, கனமானவை, ஓசையற்றவை. மெதுவாகப் போவது கனமாக இருக்கவேண்டும் என்ற கணக்கை, தராசும் வேகமானியும் இல்லாமலே கைப்பழக்கத்தில் கண்டுகொண்டவர்கள் வாழ்ந்த நிலம் இது. அந்த ஆயுதங்களில் ஒன்றைப் பிடித்த கையை நம்பி எழுதப்பட்ட ஒரு க்ரைம் நாவல், கோட்டு போட்ட நூறு வில்லன்களுக்குச் சமம்.

இப்போது எழுதுகிறவர்களிடம், வெப்சீரிஸ் எடுப்பவர்களிடமும் சேர்த்து, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வில்லன் சைலன்சரைத் திருகும் இடம் வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, துப்பாக்கியை வெடிக்கவிடுங்கள். பிறகு அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறதா, எரிந்து உடனே அணைகிறதா என்று பாருங்கள். அணைத்தது யார் என்ற இடத்திலிருந்து கதையைத் தொடங்கலாம்.